பன்னிரண்டாவது நிமிட விசில்

என் கால்களில் ஒன்றும் இல்லை என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். மூன்று பேருமே நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் இருக்காது. பெயின்ட் கடையில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை நின்றுகொண்டே, வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் சுவர்ச் சில்லைப் பார்த்து அதே நிறத்தை இயந்திரத்தில் கலந்து கொடுக்கிறேன்; அப்போதும் ஒன்றும் இருக்காது. மாடிப்படி ஏறினால் இருக்காது. ஓட ஆரம்பித்த பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் ஆரம்பிக்கும்.

முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி வெளிப்பக்கம் இருக்கும் சதை முதலில் இறுகும். அப்புறம் வலி. அப்புறம் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப்போகும். அதற்கு மேலும் ஓடினால் பாதத்தை மேலே தூக்க முடியாது. அது சப்பென்று தரையில் அறையும், வேறு யாருடைய பாதமோ என் காலில் மாட்டியிருப்பதுபோல. நின்றுவிட்டால் போதும், கால்மணி நேரத்தில் எல்லாம் வடிந்துவிடும். டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் நான் ஆரோக்கியத்தின் மறுஉருவம்.

முதல் டாக்டர் சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் ஷூவை மாற்றச் சொன்னார். மூன்றாமவர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். வீட்டில் எல்லாம் சரிதான், கால்தான் சரியில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து வண்டி நிறுத்துமிடம்வரை நடந்தேன், வலிக்கவே இல்லை. ஒருவேளை நானாகத்தான் கிளப்பிவிடுகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு வாரம் அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

ஓடாமல் இருந்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் நான் கால்பந்து நடுவர். வாரத்தில் ஐந்தரை நாள் பெயின்ட், ஞாயிற்றுக்கிழமை விசில். பத்து வருடமாக இரண்டாம் பிரிவு ஆட்டங்களை நடத்துகிறேன். முதல் பிரிவுக்குப் போக வேண்டுமானால் சங்கம் வைக்கும் ஓட்டத் தேர்வில் தேற வேண்டும். எழுபத்தைந்து மீட்டர் ஓட்டம், இருபத்தைந்து மீட்டர் நடை. இப்படி நாற்பது தடவை, நிற்காமல். முப்பத்தைந்து வயது நிறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. எனக்கு முப்பத்து நான்கு. இந்த வருடத் தேர்வை விட்டால் எனக்கு வேறு தேர்வு கிடையாது. வலி ஆரம்பித்ததிலிருந்து எட்டு மாதமும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.

சரி, வலியை வைத்துக்கொண்டு எப்படி ஆட்டம் நடத்தினாய் என்று கேட்பீர்கள். கையில் விசில் இருந்தது, நடத்தினேன்.

அதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் இறுகி, இனி அவ்வளவுதான், மானம் போகப்போகிறது என்று நினைத்த சமயத்தில் இரண்டு பேர் மோதிக்கொண்டு விழுந்தார்கள். விசில் ஊதினேன். ஸ்ட்ரெச்சர் வந்து போக மூன்று நிமிடம் ஆயிற்று. அந்த மூன்று நிமிடத்தில் வலி பாதியாகிவிட்டது. மேலும் ஆறு நிமிடம் ஓட முடிந்தது. அதற்கப்புறம் எனக்கு ஃபவுல்கள் தெரிய ஆரம்பித்தன. கால்பந்தில் எந்த நிமிடத்தை எடுத்தாலும் யாராவது யாருடைய சட்டையையாவது பிடித்திருப்பார்கள். நல்ல நடுவர் அதில் முக்கால்வாசியைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார், ஆட்டம் ஓட வேண்டும் என்பதற்காக. நான் பதினோரு நிமிடம் விடுவேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் விடமாட்டேன். பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. நடந்த ஃபவுலுக்குத்தானே ஊதுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊதியபின் செய்வதற்கு எத்தனையோ வேலைகள் உண்டு. தடுப்புச் சுவராக நிற்பவர்களைப் பத்து கஜம் தள்ளி நிறுத்துவேன், ஒவ்வொரு அடியாக நடந்து அளந்து. பந்தில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பேன். இரண்டு அணித் தலைவிகளையும் கூப்பிட்டு நடத்தை பற்றி நாலு வார்த்தை சொல்வேன். வேறு வழியே இல்லையென்றால் ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். இதற்கெல்லாம் எனக்குத் திட்டு விழவில்லை. பாராட்டுதான் கிடைத்தது. ஆட்டத்தைக் கையில் வைத்திருக்கிறார் என்று சங்கத்தின் பார்வையாளர் எழுதினார். வீராங்கனைகள் எனக்குக் ‘கறார்’ என்று பெயர் வைத்தார்கள்.

கண்டுபிடித்தவர் ஒருவர்தான். என்னோடு பல வருடமாக எல்லைக்கோட்டில் கொடி பிடிப்பவர். கொடியண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வார நாட்களில் ஒரு கிடங்கில் காவலர் வேலை. எதையும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதில் நல்ல பயிற்சி. ஒருநாள் இடைவேளையில் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே, “உன் விசிலை வெச்சு நான் கடிகாரத்துக்கு டைம் வெச்சுக்கலாம் போலிருக்கேம்மா” என்றார். நான் தண்ணீரைக் குடித்தேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆட்டம் முடிந்த கையோடு ஒருநாள் மைதானத்தின் வாசலிலேயே என் காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போகவில்லை. இது கால் இல்லை, கான்கிரீட் என்றார். அவர் பராமரிக்கும் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் தினமும் ஏறி இறங்கும் விளையாட்டு மருத்துவ அறுவை நிபுணரிடம், மூன்றாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவிலேயே என் கதையைச் சொல்லி முடித்து, நேரம் வாங்கிவிட்டார்.

அந்த டாக்டரம்மா என்னை நாற்காலியில் உட்காரவே விடவில்லை. முதலில் படுக்கவைத்துக் காலில் ஊசியைச் செருகி, உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று ஒரு சின்னக் கருவியில் பார்த்தார். பன்னிரண்டு. பிறகு டிரெட்மில்லில் ஏற்றிவிட்டு, வலித்தாலும் நிற்கக் கூடாது, நான் சொல்லும்போது நின்றால் போதும் என்றார். பதினெட்டு நிமிடம் ஓடினேன். கடைசி மூன்று நிமிடம் என் இடது பாதம் பெல்ட்டில் சப் சப்பென்று அறைவது அடுத்த அறைக்கே கேட்டிருக்கும். இறங்கியதும் மறுபடி ஊசி. நாற்பத்தாறு.

முழங்காலுக்குக் கீழே சதை நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கிறதாம். ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் உறை. ஓடும்போது ரத்தம் பாய்ந்து சதை உப்பும். எல்லோருக்கும் உறை கொஞ்சம் இடம் கொடுக்கும், எனக்குக் கொடுக்கவில்லை. உள்ளே நெருக்கடியாகி ரத்தமும் நரம்பும் நசுங்குகின்றன. “சின்ன உறையில பெரிய தலகாணி. அவ்ளோதான்” என்றார் டாக்டரம்மா. பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், நீளமாக இருந்தது.

என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று பேர் இல்லையென்று சொன்ன ஒன்று இருக்கிறது என்று நான்காவது ஆள் சொன்னால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வண்டிக்கு டோக்கன் வாங்கினீர்களா என்று அவரைக் கேட்டேன்.

இரண்டு வழி இருந்தது. ஓட்டத்தை விட்டுவிடுவது, அல்லது அறுவை செய்து உறையை நீளவாக்கில் கீறிவிடுவது. கீறினால் மறுபடி ஓட மூன்று மாதம் ஆகும். தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. தேர்வை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். பாதம் மரத்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் என்றைக்காவது நரம்பு திரும்பி வராமலே போய்விடும் என்று எச்சரித்தார். தலையாட்டினேன். சங்கத்தின் உடல்நலப் படிவத்தில், ‘ஏதேனும் நோய் அல்லது குறைபாடு உண்டா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பெண்கள் லீகின் அரையிறுதி, தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் வந்தது. அதில் ஒரு பக்கம் விளையாடியவள் ஏழாம் நம்பர். பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்பைப் பிழிந்து பிழிந்து தோள் நல்ல வலு. பந்து காலுக்கு வந்தால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடுவாள். கை விரிந்தால்தான் அவளுக்கு வேகம். பார்க்க அழகாகக்கூட இருக்காது. ஆனால் யாராலும் பிடிக்க முடியாது.

முதல் பாதியில் அவளுக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தேன். எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள், நியாயமான அட்டை. இரண்டாம் பாதி சுத்தமாகப் போயிற்று. அதுதான் எனக்கு வினையாகிவிட்டது. பந்து வெளியே போகவில்லை, யாரும் விழவில்லை, யாரும் யாரையும் தொடக்கூட இல்லை. பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. பதிமூன்று. ஒரு ஃபவுல் போடுங்களேன் என்று இருபத்திரண்டு பேரையும் மனதுக்குள் கெஞ்சினேன். பதினாலாவது நிமிடம் இடது பாதம் தரையில் அறைய ஆரம்பித்தது.

அப்போது நடு மைதானத்தில் பந்து ஏழாம் நம்பரிடம் வந்தது. வழியில் ஒரே ஒரு பின்வரிசைக்காரி. அவளைத் தாண்டிவிட்டால் கோல்கீப்பர் மட்டும்தான். ஏழாம் நம்பர் கையை விரித்தாள், வலது பக்கம் சாய்வதுபோல் சாய்ந்து இடது பக்கம் போனாள். தாண்டிவிட்டாள். நான் முப்பது மீட்டர் பின்னால் இருந்தேன். கோல் விழுந்தால் அது கோல்தானா என்று சொல்ல நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இன்னும் ஐம்பது மீட்டர் முழு வேகத்தில் ஓட வேண்டும். என் கால் ஓடாது.

விசில் ஊதினேன். யோசித்து ஊதவில்லை, கை தானாக வாய்க்குப் போயிற்று.

ஏழாம் நம்பர் நிற்கவில்லை. காதில் விழுந்திருக்காது, அல்லது விழுந்தும் கால் நின்றிருக்காது. அடித்தாள். வலை குலுங்கியது. அவளுடைய ஆட்கள் கட்டிப்பிடிக்க ஓடினார்கள். நான் கையைத் தூக்கி, தள்ளிவிட்டதாகச் சைகை காட்டினேன். தள்ளப்பட்டதாக நான் சொன்ன அந்தப் பின்வரிசைக்காரி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். அடுத்த நொடி தன் தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

எதிரணித் தலைவி ஓடி வந்தாள். விசில் அடித்த பிறகு பந்தை உதைத்திருக்கிறாள், மஞ்சள் அட்டை கொடுங்கள் என்றாள். சட்டப்படி சரி. மனது வைத்தால் விட்டுவிடலாம், பல தடவை விட்டிருக்கிறேன். ஆனால் அட்டையை விட்டால் எல்லோருடைய பார்வையும் விசில் பக்கம் திரும்பும். எதற்கு ஊதினீர்கள் என்பார்கள். விசிலை நிலைநிறுத்த எனக்கு அட்டை வேண்டியிருந்தது. மஞ்சளை எடுத்தேன். அது அவளுக்கு இரண்டாவது, அதனால் சிவப்பையும் எடுத்தேன்.

அவள் வாதாடுவாள் என்று நினைத்தேன். வாதாடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பக்கத்தில் வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, “ஸாரி மேடம்” என்றாள். தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தாள். அவள் கோட்டைத் தாண்டிப் போகும்வரை ஆட்டம் நின்றது. என் காலில் வலி வடிந்துகொண்டிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான்.

பத்துப் பேரை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு கோலில் தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுத வேண்டும். சிவப்பு அட்டைக்குத் தனிக் கட்டம் உண்டு; விசில் ஏன், அட்டை ஏன் என்று எழுத வேண்டும். ‘எதிரணி வீராங்கனையைத் தோளில் தள்ளினார், விசிலுக்குப் பிறகும் பந்தை உதைத்தார்’ என்று எழுதினேன். பத்து வருடப் பழக்கத்தில் கையெழுத்து அழகாக வந்தது. சாட்சியாகக் கொடியண்ணனும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு படித்தார். “எந்தத் தோள்மா?” என்றார். இடது என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தார். என் கையில் கொடுக்கவில்லை.

மறுநாள் அவரே கடைக்கு போன் செய்தார். சிவப்பு அட்டைக்கு ஓர் ஆட்டம் தடை என்பது எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் என்பதும் தெரியும். தெரியாதது ஒன்றை அவர் சொன்னார். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர்கள் இருவர் அந்த ஆட்டத்துக்கு வருகிறார்களாம். முக்கியமாக ஏழாம் நம்பரைப் பார்க்கத்தான் வருகிறார்களாம். சொல்லிவிட்டு, சரி வேலையைப் பாரும்மா என்று வைத்துவிட்டார்.

வேலையைப் பார்த்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு வெளிர் நீலம் கலப்பதற்குப் பதிலாக வெளிர் பச்சை கலந்து நான்கு வாளி கொடுத்தேன். அவர் சுவரில் பாதி அடித்துவிட்டுத்தான் வந்து கத்தினார். முதலாளி என்னைப் பார்த்தார். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்றேன். உள்ளுக்குள் குற்ற உணர்ச்சி கொதிக்கும் என்றெல்லாம் கதைகளில் வரும். எனக்கு அப்படி ஒன்றும் கொதிக்கவில்லை. தேர்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள், பதினெட்டு நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் சொன்ன ஸாரி மட்டும் நடு நடுவே காதில் விழுந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை கணவரிடம் சொன்னேன். அவர் சமையலறை மேசையில் ஒரு லிஃப்ட் கதவின் பூட்டைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார். முழுவதையும் கேட்டார். இடையில் திருகாணியைக்கூட எடுக்கவில்லை.

“லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னா நாங்க முதல்ல ரிப்பேர் பாக்கமாட்டோம்” என்றார். “உள்ள மாட்டியிருக்கறவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லுவோம். அப்புறம்தான் டூல்ஸ எடுப்போம்.”

“சொன்னா என் டெஸ்ட் போயிடும்.”

“போயிடும்தான்.”

அவர் பூட்டுக்குத் திரும்பிவிட்டார்.

புதன்கிழமை கடை முடிந்ததும் சங்கச் செயலாளரைப் பார்க்கப் போனேன். அவர் இன்ஷூரன்ஸ் முகவர்; அந்த அலுவலகத்தின் பின்னறைதான் சங்கம். பிளாஸ்டிக் நாற்காலிகள், தூசி படிந்த கோப்பைகள், கிழிந்த வலை ஒன்று மூலையில் சுருட்டிக் கிடந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். காலைப் பற்றி, ஊசியைப் பற்றி, பன்னிரண்டாவது நிமிடத்தைப் பற்றி, படிவத்தில் எழுதிய ‘இல்லை’ பற்றி. யாரையும் யாரும் தள்ளவில்லை, தடையை எடுத்துவிடுங்கள் என்றேன். கையோடு எழுதியும் கொண்டுபோயிருந்தேன்.

அவர் நல்ல மனிதர். எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, என் பக்கமாக வைத்தார். அந்த விதி எனக்கு மனப்பாடம். எத்தனையோ பயிற்சியாளர்களின் வாயை அதை வைத்தே அடைத்திருக்கிறேன். ஆட்டத்தில் நடந்தது குறித்து நடுவர் எடுக்கும் முடிவே இறுதியானது.

“நீங்க ஊதிட்டீங்க. ஊதினா அது ஃபவுல்தான்” என்றார். “வீட்டுக்குப் போய் யோசிச்சு மாத்தறதுன்னு ஆரம்பிச்சா ஒரு ஆட்டமும் முடியாது.”

தேர்வாளர்களுக்காவது ஒரு கடிதம் எழுதுங்கள் என்று கேட்டேன். அவர்கள் ஆடுபவர்களைப் பார்க்க வருகிறவர்கள், கடிதம் படிக்க வருகிறவர்கள் இல்லை என்றார். அடுத்த தடவை எப்போது வருவார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு கொஞ்சம் தயங்கி, நான் கால் பற்றிச் சொன்னதைக் காதில் விழாததுபோல் விட்டுவிட அவரால் முடியாது என்றார். தேர்வுப் பட்டியலை எடுத்தார். என் பெயர் நாலாவதாக இருந்தது. ஸ்கேல் வைத்து, நேராக, ஒரு கோடு போட்டார்.

நான் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். தெருவில் கடைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். பத்து வருடம் அந்த ஒரு கோட்டில் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் எங்கேயும் வலிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து திரும்பினேன்.

கொடியண்ணனுக்கு மட்டும் கோபம் வந்தது. “உன்னை யாரும்மா கேட்டா? அவளுக்கும் இல்ல, உனக்கும் இல்லன்னு ஆக்கிட்டியே” என்று போனில் கத்தினார். பிறகு, தானும் கையெழுத்துப் போட்டவன்தானே என்று அவரே சொல்லிக்கொண்டு அடங்கினார். என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போய் அறுவைக்குத் தேதி வாங்கினார். திங்கட்கிழமை.

அதற்குமுன் ஒரு வேலை பாக்கி இருந்தது. விதி மாறாது, தேர்வாளர்களும் அவளுக்காகத் தேதியை மாற்றப்போவதில்லை; ஆனால் நீ தள்ளவில்லை என்று அவளிடமாவது சொல்ல வேண்டும். என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. சனிக்கிழமை மாலை அவர்கள் பயிற்சி செய்யும் மைதானத்துக்குப் போனேன்.

வேலியோரம் நின்றிருந்த அவர்களுடைய பயிற்சியாளர் என்னைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். மரியாதையாகத்தான் பேசினார். அட்டையைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லையாம். நடுவர் காட்டிய குறையைத் திருத்தவேண்டியது எங்கள் கடமை என்றார். ஏழாம் நம்பரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

அவள் ஓடி வந்தாள். ஏதோ வித்தியாசமாக இருந்தது; கிட்டே வந்தபிறகுதான் தெரிந்தது. இரண்டு முழங்கையையும் விலாவோடு சேர்த்து க்ரேப் பேண்டேஜ் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முன்கை மட்டும் ஆடியது.

பயிற்சியாளர் தள்ளிப் போனதும் சொன்னேன். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நீ யாரையும் தள்ளவில்லை, எனக்குக் கால் வலி, நிற்க வேண்டியிருந்தது, அதனால் ஊதினேன். அது கோல்தான். அவள் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள்.

“இல்ல மேடம், நான் தள்ளினேன்” என்றாள்.

“நீ தள்ளல. நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்.”

“என் கை அவ தோள்ல பட்டுச்சு மேடம். இந்த இடத்துல.” இடது உள்ளங்கையை விரித்து, அதில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். “முதல்ல எனக்குத் தெரியல. வீட்டுக்குப் போய் நினைச்சுப் பாத்தப்பதான் ஞாபகம் வந்துச்சு.”

பட்டிருக்க முடியாது என்றேன். அவள் போன பக்கத்தையும், நடுவில் இருந்த இடைவெளியையும் மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். சங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், என் தேர்வே போய்விட்டது, பொய் சொல்ல எனக்கு இனி ஒரு காரணமும் இல்லை என்றேன். அவள் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்மேல் இரக்கம் தெரிந்தது.

“நான் வருத்தப்படுவேன்னு சொல்றீங்க மேடம். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. சின்ன வயசுலருந்தே கையை விரிச்சுத்தான் ஓடறேன், தப்புன்னு யாருமே சொல்லல. நீங்கதான் முதல்ல சொன்னீங்க.”

கட்டை அவிழ்த்துப் போடு, எப்போதும்போல ஓடு என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பணிவாகத் தலையாட்டினாள். ஆட்டத்தில் எத்தனையோ பேர் என்னிடம் அப்படித் தலையாட்டியிருக்கிறார்கள். பயிற்சியாளர் விசில் ஊதினார். அவள் முன்கையாலேயே பேண்டேஜின் நுனியை எட்டி, தளர்ந்திருந்த முடிச்சைச் சரிசெய்துகொண்டு ஓடினாள்.

அவர்கள் அணியின் பின்வரிசைப் பெண் ஒருத்தி எதிரே நின்றாள். குட்டையான, கனத்த பெண். ஏழாம் நம்பரின் காலுக்குப் பந்து வந்தது. வலது பக்கம் சாய்வதுபோல் சாய்ந்து இடது பக்கம் போனாள். தாண்டினாள். ஆனால் தாண்டியபிறகு அந்த வேகம் வரவில்லை. கை விலாவோடு ஒட்டியிருக்க, உடம்பு எதையோ தேடுவதுபோல் இரண்டு பக்கமும் ஆடியது. ஆறாவது எட்டிலோ ஏழாவது எட்டிலோ அந்தக் கனத்த பெண் அவளைச் சாவகாசமாக எட்டிப் பிடித்து, பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பயிற்சியாளர் என் பக்கம் திரும்பினார்.

“கையைப் பாருங்க மேடம்” என்றார். “ஒரு இன்ச் விலகல.”

ஏழாம் நம்பர் அங்கிருந்தே என்னைப் பார்த்தாள், சரியாகச் செய்தேனா என்று கேட்பதுபோல. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பயிற்சியாளர் பதறிப்போய், காலா மேடம், காலா என்று கேட்டுக்கொண்டே உட்கார ஒரு நாற்காலி கொண்டுவர ஓடினார்.